மாடில்லாத சிவன் எந்த அலமாரியில்?

“மேம், ஒரு சிவன். இப்படி நிப்பாரு.”

சொன்னதோடு விடாமல் அந்தப் பையன் என் மேசைக்கு முன்னால் அப்படியே நின்றும் காட்டினான். ஒரு காலை மற்றதன் குறுக்கே வைத்து, இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து, ஒரு கையை மடக்கி அந்தரத்தில் எதன்மீதோ சாய்த்திருந்தான். “கை எதுமேலயோ இருக்கிற மாதிரி இருக்கும். ஆனா அங்க ஒண்ணும் இருக்காது. தலையில துண்டு சுத்தின மாதிரி இருக்கும்.” சிற்பத் துறை, முதலாண்டு. விரலிடுக்கில் களிமண் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது.

நுண்கலைக் கல்லூரி நூலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது மூன்றாவது வாரம். இளங்கலையில் வேதியியல், அப்புறம் நூலக அறிவியல். அதற்கு முன் ஒன்பது வருடம் ஒரு பொறியியல் கல்லூரியில் இருந்தேன். அங்கே வருகிற மாணவர்கள் ஆசிரியர் பெயரைச் சொல்வார்கள், எத்தனையாவது பதிப்பு என்றும் சொல்வார்கள். நான் புத்தகத்தின் அடுக்கு எண்ணைச் சொன்னால் போய் எடுத்துக்கொள்வார்கள். இங்கே ஒரு பையன் தன் உடம்பையே கேள்வியாக்கிக் கொண்டுவந்து நிற்கிறான். கணினியில் ‘சிவன்’ என்று தட்டினேன். திரை நிறையப் புத்தகங்கள் வந்தன. ‘சாய்ந்து’ என்று தட்டினேன். ஒன்றும் வரவில்லை.

பின்னாலிருந்து சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. அங்கே இருபது வருடத்துக்கும் மேலாக வேலை பார்த்துவந்த உதவியாளர் அண்ணன். “திருவெண்காடும்மா அது. தஞ்சாவூர்ல இருக்கு” என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது பீரோவைத் திறந்து, கீழ்த்தட்டில் படுத்திருந்த ஒரு பெரிய புத்தகத்தை எடுத்து, நடுவில் ஒரு பக்கத்தைச் சரியாகப் பிரித்து வைத்தார். ரிஷபவாகன சிவன். 1011-ஆம் ஆண்டுக் கல்வெட்டுச் சான்றுள்ள செப்புத் திருமேனி. திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தது, இப்போது தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. தலையில் துண்டு மாதிரித் தெரிவது ஜடாமுடி. அதைத் தலைப்பாகைபோலச் சுற்றிக் கட்டிப் பாம்பால் இறுக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்றிருக்க வேண்டிய காளை கிடைக்கவில்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய அந்தக் கை, இப்போது இல்லாத மாட்டின்மேல் அத்தனை இயல்பாகச் சாய்ந்திருக்கிறது.

பையன் பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. ஸ்கெட்ச் புக்கைத் திறந்து வரைந்துகொண்டிருந்தான். நான் அண்ணனிடம், “எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டேன். “தூசி தட்டும்போது பாக்கிறதுதான்” என்றார்.

அன்றைக்கு எனக்கு ஒன்று உறைத்தது. அந்த நூலகத்துக்கு இரண்டு அட்டவணைகள் இருந்தன. ஒன்று கணினியில். மாணவர்களுக்கு உண்மையில் பயன்பட்டது மற்றது. அது ஒரு மனிதரின் நினைவில் இருந்தது, அவர் நான்கு வருடத்தில் ஓய்வு பெறவிருந்தார்.

கலைப் படிப்புக்கான நூலகத்தை நடத்துவதென்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்தக் காலை நேரத்தைத்தான் நான் சொல்வேன். ஓவிய மாணவர் தேடி வருவது பெயரை அல்ல. கண்ணில் பட்ட ஏதோ ஒன்றை, பாதி நினைவில் இருக்கும் ஒரு வளைவை, ஒரு நிறத்தைத் தேடித்தான் வருகிறார். நம் அட்டவணைகளோ பெயர் தெரிந்தவருக்காகச் செய்யப்பட்டவை. கிராமத்திலிருந்து தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிது. அவருக்கு வேண்டிய படம் ஆங்கிலப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அந்தப் புத்தகத்தின் முதுகில் எழுதியிருப்பதைப் படித்தால் உள்ளே அது இருப்பதாகவே தெரியாது.

எங்களிடம் புத்தகங்கள் ட்யூயி முறையில் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுக்கும் முறை அது, 1876-இல் அமெரிக்காவில் உருவானது. கலைக்கு 700. சிற்பம் 730, வரைகலை 740, ஓவியம் 750, புகைப்படம் 770. கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் செப்புத் திருமேனி ஒன்றைப் படிக்க விரும்பும் மாணவரை நினைத்துப் பாருங்கள். சிற்ப வரலாறு 730-இல். உலோக வேலை 739-இல். எந்தக் கையில் மழு, எந்தக் கையில் மான் என்று சொல்லும் படிமவியல் 704.9-இல். இந்தியக் கலை வரலாறு 709.54-இல். கோயில் கட்டடம் 726-இல். தெய்வத்தின் கதையோ மதத்துக்கான 294.5-இல், அதாவது அறையின் மறுகோடியில். ஒரே சிலை ஆறு துண்டாகிக் கிடக்கிறது. புதிதாக வருகிறவர் ஒரு தட்டைப் பார்த்துவிட்டு, இவ்வளவுதான் இருக்கிறது என்று போய்விடுவார். நானே அப்படி இரண்டு பேரை ‘இல்லப்பா’ என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இப்போதும் அது மனதை உறுத்துகிறது.

இந்தச் சிக்கலை யோசித்துத் தீர்வு சொன்னவர் எங்கள் துறையின் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதன். சீர்காழியில் பிறந்தவர். திருவெண்காடு அங்கிருந்து அதிகத் தூரமில்லை. கணித ஆசிரியராக இருந்தவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். பயிற்சிக்காக லண்டன் போனபோது ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே பட்டைகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டி விதவிதமான பொம்மை செய்கிறார்கள் அல்லவா, ஒரு நூலின் பொருளையும் அப்படிப் பகுதி பகுதியாகச் சேர்த்துக் கட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1933-இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறை அதிலிருந்து பிறந்ததுதான். எதைப் பற்றி, எந்தப் பொருளால் ஆனது, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று ஐந்து முகமாகப் பிரித்துக் கேட்கச் சொன்னார். செப்புத் திருமேனி, உலோகம், வார்ப்பு, சோழ நாடு, பதினோராம் நூற்றாண்டு. சிற்பிகள் பேசுகிற மாதிரியே இருக்கிறது.

பத்தாயிரத்துக்கு மேற்பட்ட புத்தகங்களை மறுபடி கோலன் முறைக்கு மாற்ற எங்களிடம் ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அடுக்கிய முறையை அப்படியே விட்டேன். அதற்குப் பதிலாகத் தேடும் சொற்களை மட்டும் மாற்ற ஆரம்பித்தேன். ரங்கநாதனின் ஐந்து முகங்களோடு ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தேன். ‘பார்த்தால் எப்படி இருக்கிறது?’

மேசையில் ஒரு நீள நோட்டு வைத்தேன். யார் எதைக் கேட்டு வந்தாலும் அவர்கள் சொன்ன சொல்லையே எழுதுவது, எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் கிடைத்தது என்று பக்கத்தில் குறிப்பது. முதல் வரி: ‘சாய்ந்து, ஆனால் எதன்மேல் என்று தெரியாது.’ அதன் பிறகு வந்தவற்றில் சில: ‘ஒரு கால் தூக்கி.’ ‘கூட்டம், ஆனால் முகம் தெரியக்கூடாது.’ ‘நனைந்த துணி உடம்பில் ஒட்டியது மாதிரி.’ ‘இருட்டிலிருந்து ஆள் வெளியே வருகிறது.’ ‘கோடு மட்டும், நிழல் இல்லாமல்.’ ‘தூங்குகிறவர்கள்.’ ‘கிழவிகள்.’ ‘தேய்ந்துபோன சுவர்.’

முதல் பருவம் முடிவதற்குள் நோட்டில் நாற்பது பக்கம் நிறைந்துவிட்டது. அண்ணனையும் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் நினைவில் இருந்ததையெல்லாம் தினமும் மதியம் அரை மணி நேரம் எழுதிக்கொண்டேன். அப்புறம் அவற்றைக் கோஹா என்ற நூலக மென்பொருளில் ஏற்றினோம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் கணினியில் இருக்கும் மார்க் பதிவில் 653 என்று ஒரு களம் உண்டு. கட்டுப்பாடில்லாத சொற்களுக்கானது. முறையான பொருள் தலைப்புப் பட்டியலில் இல்லாத சொல்லையும் அதில் போடலாம். ‘நனைந்த துணி’ என்று தமிழில் தட்டினால் இப்போது காந்தாரச் சிற்பமும் வருகிறது, சாரநாத்தின் குப்தர் காலப் புத்தரும் வருகிறார், கிரேக்கச் சிற்பமும் வருகிறது. எல்லாம் வெவ்வேறு அலமாரியில் இருப்பவை. மூன்றையும் ஒரே மேசையில் பிரித்து வைத்து ஒரு மாணவி பார்த்துக்கொண்டிருந்தாள். அதைவிடப் பெரிய பாடத்தை அந்தத் தலைப்பில் யாராலும் நடத்த முடியாது என்று நினைக்கிறேன்.

படங்களைச் சொற்களால் பிடிக்கும் வேலையை உலகத்தில் பலர் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். லைடன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஐகான்கிளாஸ் என்ற பகுப்பு, படத்தில் என்ன இருக்கிறது என்பதை வைத்தே எண் கொடுக்கிறது. கெட்டி நிறுவனத்தின் கலை, கட்டடக்கலைச் சொற்களஞ்சியம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டிலிருந்தும் நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் ஐகான்கிளாஸ் பெரும்பாலும் ஐரோப்பியப் படங்களை மனதில் வைத்து எழுந்தது. பைபிளுக்கும் கிரேக்கப் புராணத்துக்கும் தனித்தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டியது கடகம், அபயம், வரதம் என்ற கை முத்திரைகள், உடம்பு மூன்று இடத்தில் வளையும் திரிபங்கம், தாலம் என்ற அளவு முறை, ஒடியோலை. ஒடியோலை என்பது சுவாமிமலைச் சிற்பிகள் அளவெடுக்க வைத்திருக்கும் தென்னை ஓலை நறுக்கு. செய்யப்போகும் சிலையின் உயரத்துக்கு ஓலையை வெட்டி, அதை மடித்து மடித்து முகம், கழுத்து, மார்பு என்று பிரித்துக்கொள்வார்கள். இந்தச் சொல் ஆங்கிலத்தில் அச்சான பல நல்ல புத்தகங்களின் சொல்லடைவில் இல்லை. உள்ளே படம் இருக்கிறது, சொல் இல்லை. அந்த இடத்தில் தமிழ்ச் சொல்லைக் கொண்டுபோய் வைப்பது நூலகர் செய்ய வேண்டிய வேலை என்று உறுதியாக நம்புகிறேன்.

நோட்டில் ‘முதுகு’ என்று ஒரு வரி உண்டு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் புத்தகம் வாங்கும் முறையையே மாற்றிய சொல் அது. ஒரு மாணவி வந்து, “சிலையோட பின்பக்கம் போட்ட புக்கு இருக்கா மேம்?” என்று கேட்டாள். சோழர் காலத் திருமேனிகளின் பின்புறத்தை முன்புறம் மாதிரியே முழுசாக இழைத்திருப்பார்கள். முதுகெலும்பு ஓடும் பள்ளம், தோளில் விழும் முடிக்கற்றைகள், தலைக்குப் பின்னால் இருக்கும் சிரச்சக்கரம், எல்லாமே இருக்கும். கோயிலில் அலங்காரத்துக்குள் மறைந்துவிடும். அருங்காட்சியகத்தில் பெரும்பாலும் சுவரை ஒட்டி வைத்திருப்பார்கள். செய்து பழக வேண்டிய மாணவிக்கோ பின்பக்கம் தெரியாமல் முடியாது. இருக்கும் புத்தகங்களையெல்லாம் புரட்டினோம். முன்பக்கம், முன்பக்கம், முன்பக்கம். நாலைந்து புத்தகத்தில்தான் பின்பக்கப் படம் இருந்தது. அவற்றில் ஒன்று சென்னை அருங்காட்சியகம் பல வருடங்களுக்கு முன் போட்ட மெல்லிய கறுப்பு வெள்ளைப் புத்தகம். பளபளப்பான பெரிய புத்தகங்களுக்கு நடுவே அது ஒடுங்கிப்போய் இருந்தது.

அன்றிலிருந்து புத்தகக் கடைக்காரர் மாதிரிப் பிரதி கொண்டுவந்தால் அட்டையையும் முன்னுரையையும் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் பின்பக்கப் படம் இருக்கிறதா என்று தேடுவேன். அடுத்து, படத்துக்குக் கீழே அளவு போட்டிருக்கிறார்களா. இரண்டு பக்கத்துக்கும் பரவ அச்சிட்டிருந்தால் நடுவில் இருப்பவரின் முகம் தையலுக்குள் போய்விட்டதா என்று பிரித்து அழுத்திப் பார்ப்பேன். ஒரே ஒரு விரலையோ ஒரு தூரிகைத் தடத்தையோ அருகிலிருந்து காட்டும் படங்கள் எத்தனை என்று எண்ணுவேன். விலை எட்டாயிரம் ரூபாய் என்றாலும் இதெல்லாம் இல்லாவிட்டால் வேண்டாம். நாற்பது ரூபாய்க்கு அரசு அருங்காட்சியகத்தின் விற்பனைப் பிரிவில் கிடைக்கும் ஏடு என்றாலும் இதெல்லாம் இருந்தால் மூன்று பிரதி.

அளவு என்றதும் நாடாக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மாணவர்கள் எல்லாப் படத்தையும் கைப்பேசியில்தான் முதலில் பார்க்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் கைப்பேசியில் எல்லாப் படமும் ஒரே அளவு. மொகஞ்சதாரோவின் நடனப் பெண் சிலை எவ்வளவு உயரம் இருக்கும் என்று ஒரு வகுப்பில் கேட்டேன். இடுப்பளவு என்றார்கள், ஆளுயரம் என்றார்கள். அது பத்தரை சென்டிமீட்டர். உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்ளலாம். ஒரு பையன் அங்கேயே களிமண்ணை எடுத்து அந்த உயரத்துக்கு ஒரு தூண் உருட்டி மேசையில் நிறுத்தினான். வகுப்பே எழுந்துவந்து அதைச் சுற்றி நின்றது.

அன்று மாலை மாஸ்கிங் டேப் இரண்டு சுருள் வாங்கிவந்தேன். பிக்காசோவின் குவெர்னிக்கா ஓவியம் 777 சென்டிமீட்டர் அகலம், 349 சென்டிமீட்டர் உயரம். எங்கள் வாசிப்பறைச் சுவர் எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அகலம் சரியாகப் பொருந்திவிட்டது. உயரம் பொருந்தவில்லை. கூரை பத்தடி, ஓவியமோ ஏறக்குறைய பதினொன்றரை அடி. அண்ணன் ஏணியில் ஏறி நாடாவைக் கூரைமேலும் ஒன்றரை அடி மடக்கி ஒட்டினார். அதே சுவரில், அந்தப் பெரிய சட்டத்துக்குள் ஒரு மூலையில், மோனலிசாவுக்கு 77-க்கு 53 என்று ஒரு சின்னச் சட்டம்.

மறுநாள் காலை வாசலில் கூட்டம். நூலகம் எங்கே இருக்கிறது என்றே தெரியாத மூன்றாமாண்டு மாணவர்கள்கூட வந்து சுவரோடு முதுகை ஒட்டி நின்று பார்த்தார்கள். குவெர்னிக்கா பற்றி எங்களிடம் இருந்த மூன்று புத்தகங்களும் பதினொரு மணிக்குள் வெளியே போய்விட்டன. அதற்கு முந்தைய ஆறு வருடத்தில் அவற்றில் ஒன்றைக்கூட யாரும் எடுத்ததில்லை, தேதித் தாளில் கடைசி முத்திரையைப் பார்த்தேன். நூலகத்தை மாணவர்களிடம் கொண்டுசேர்க்க வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசுவார்கள், சுவரொட்டி அடிப்பார்கள், ‘வாசிப்பு வாரம்’ நடத்துவார்கள். நானும் எல்லாம் செய்திருக்கிறேன். ஆனால் பிள்ளைகளை உள்ளே இழுத்தது இரண்டு சுருள் நாடா. அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் ஆர்வத்தின்மேல் கை வைத்தால் போதும்.

இதன் தொடர்ச்சியாக இன்னொரு பழக்கம் வந்தது. வாசலுக்கு எதிரே, வெயில் படாத இடத்தில், சாய்வுப் பலகை ஒன்றில் ஒரே ஒரு புத்தகத்தைப் பிரித்து வைக்கிறோம். தினமும் காலையில் பக்கம் திருப்பப்படும். நேற்றுப் பார்த்தவர் இன்றும் வந்து பார்ப்பார். எந்தப் புத்தகம் என்பதை இப்போது மாணவர்களே முறைவைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏன் இந்தப் பக்கம் என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

சரி, புத்தகம் வெளியே வந்தால் அழுக்காகுமே, தொலையுமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நான் வந்தபோது கலைப் புத்தகங்களில் பாதி பூட்டிய பீரோவில் இருந்தன. கேட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு மேசைக்கு எதிரே உட்கார வைத்துக் காட்டுவார்கள். காரணம் யாருடைய கல்நெஞ்சமும் அல்ல. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் நூலகப் புத்தக இழப்பு பற்றி ஒரு விதி இருக்கிறது. ஆண்டில் வழங்கப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைந்தால் அது இயல்பான இழப்பு. ஆனால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூல் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். பொது நூலகத்துக்கு இது நல்ல விதி. ஆனால் வண்ணப்படங்களோடு அச்சாகும் கலைப் புத்தகத்தில் ஆயிரத்துக்குக் கீழே எத்தனை கிடைக்கும்? ஏறக்குறைய ஒவ்வொன்றும் விசாரணைக்கு உரியதாகிவிடுகிறது. விதி நேரடியாகப் பொருந்தாத கல்லூரிகளிலும் ஆடிட்டில் இதே மனநிலைதான். ஓய்வுபெறும் நாளில் கணக்குக் காட்ட வேண்டுமே என்ற பயத்தில் நூலகர் பூட்டுப் போடுகிறார். புத்தகம் பத்திரமாக இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை.

இதற்கு நான் செய்தது மூன்று காரியம். நூலகக் குழுவைக் கூட்டி, இன்னின்ன புத்தகங்கள் திறந்த அலமாரிக்குப் போகின்றன, இழப்புக்குக் குழுவே பொறுப்பு என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். இதற்கு எட்டு மாதம் பிடித்தது. அந்தத் தாள் கையில் இருந்ததால்தான் சாவியைத் திருப்ப முடிந்தது. இரண்டாவது, வாசலில் ஒரு வாளித் தண்ணீர், சோப்பு, தேங்காய்ப்பூத் துண்டு. கரித்துண்டும் எண்ணெய் வண்ணமும் ஒட்டிய கையோடு இருக்கும் பிள்ளைகள் புத்தகத்தைத் தொட அஞ்சி வாசலிலேயே திரும்பிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். கை கழுவ இடம் கொடுத்ததும் உள்ளே வந்தார்கள். உள்ளே வரைய பென்சில் மட்டும். பென்சிலும் நாங்களே வைத்திருக்கிறோம். மூன்றாவது, பிளேடு.

பிளேடு எல்லாக் கலை நூலகத்திலும் உள்ள துக்கம். படத்தை அறுத்து எடுத்துப் போய்விடுவார்கள். ஒரு புத்தகத்தில் எட்டுப் படப் பக்கங்கள் போயிருந்ததைப் பார்த்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பையைச் சோதிக்கச் சொன்னார்கள், நான் மறுத்துவிட்டேன். அறுபட்ட புத்தகத்தை அப்படியே சாய்வுப் பலகையில் ஒரு வாரம் பிரித்து வைத்தேன், ஒரு வார்த்தையும் எழுதாமல். அதோடு கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிப் போட்டேன். சொந்தப் படிப்புக்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவில் பயன்படுத்த 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவே இடம் தருகிறது. அதைத் தடுத்துவைத்திருந்ததுதான் பிளேடுக்கு வழி விட்டது. அதன் பிறகு வருடக் கணக்கெடுப்பில் ஒரே ஒரு புத்தகம்தான் அறுபட்டிருந்தது.

ஒரு நவம்பர் மழையில் கூரை ஒழுகியதையும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை கதவைத் திறந்தால் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் நனைந்து கிடக்கின்றன. ஆர்ட் பேப்பர் மேலே இருக்கும் வழவழப்பு வெண்களிமண் பூச்சு. நனைந்து அப்படியே காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, புத்தகம் செங்கல்லாகிவிடும், பிரிக்கவே முடியாது. வேதியியல் படித்தது அன்றைக்குக் கைகொடுத்தது. ஈரம் காய்வதற்குள் ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் பட்டர் பேப்பர் வைக்க வேண்டும். சிற்பத் துறையிலிருந்து இருபது பேர் ஓடிவந்தார்கள். “களிமண்தானே மேம், எங்களுக்குத் தெரியும்” என்று ஒரு பையன் சொல்லிவிட்டு, ஈரப் பக்கத்தை அடியிலிருந்து உள்ளங்கையால் தாங்கித் தூக்கினான். அத்தனை மென்மையாக ஒரு பக்கத்தை யாரும் திருப்பி நான் பார்த்ததில்லை. இரவு ஏழு மணி வரை இருந்தார்கள். ஐந்து புத்தகங்கள் போய்விட்டன, மற்றவை நெளிந்த பக்கங்களோடு இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. நெளிந்திருந்தாலும் பரவாயில்லை. கீழ்த்தட்டை இப்போது தரையிலிருந்து அரையடி உயர்த்தியிருக்கிறோம்.

அந்த இருபது பேரும் அதற்கு முன் நூலகத்துக்கு அதிகம் வராதவர்கள். ஸ்டுடியோவை விட்டு அவர்களால் வர முடியாது. மெழுகு காய்ந்துவிடும், பிளாஸ்டர் இறுகிவிடும். அவர்களால் வர முடியாவிட்டால் நாம்தான் போக வேண்டும். 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அதே வருடம்தான் ரங்கநாதனின் நூலக அறிவியலின் ஐந்து விதிகளும் அச்சேறின. ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது அவற்றில் மூன்றாவது. எங்களுக்கு மாடு வேண்டாம், ஒரு தள்ளுவண்டி போதும். புதன்கிழமை பதினொரு மணி, தேநீர் நேரம். இருபது புத்தகம், ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அந்த நீள நோட்டு. எட்சிங் ஸ்டுடியோவில் அமிலம் இருப்பதால் அங்கே மட்டும் வாசலோடு நின்றுகொள்வோம். வார்ப்புக்கூடத்தில் முதல் வாரம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் வாரம், “போன தடவை கொண்டுவந்தீங்களே, அந்த மெழுகு புக்கு” என்று கேட்டார்கள். எதை அடுத்த வாரம் கொண்டுபோவது என்பதை அங்கே மேசைமேல் பாதி முடிந்து கிடக்கும் வேலைகளே சொல்லிவிடும்.

கடைசியாக, முதுகில்லாத புத்தகங்கள்.

கண்காட்சிக் கையேடுகளைச் சொல்கிறேன். எட்டுப் பக்கம், நடுவில் இரண்டு பின். அலமாரியில் நிறுத்தினால் பெரிய புத்தகங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும். விலை போடாததால் பதிவேட்டில் ஏற்ற மாட்டார்கள், பதிவில்லாததால் ஸ்டாக் எடுக்கும்போது கழித்துக் கட்டுவார்கள். ஆனால் நம் நவீன ஓவியத்தின் வரலாறு பெருமளவு அந்த எட்டுப் பக்கங்களில்தான் இருக்கிறது. 1944-இல் மெட்ராஸில் முற்போக்கு ஓவியர் சங்கம் தொடங்கினார்கள். 1966-இல் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. அந்தக் காலத்து ஓவியர்கள் எல்லாருக்கும் பெரிய புத்தகம் வந்துவிடவில்லை. பலருக்கு மிஞ்சியிருப்பது ஒரு அழைப்பிதழ், ஒரு கறுப்பு வெள்ளைப் படம், ஓவியங்களின் பெயர்ப் பட்டியல். ஒரு முதுகலை மாணவி மூன்று மாதமாகத் தேடிய ஒரு பெண் ஓவியரின் கண்காட்சி ஆண்டு, எங்கள் பழைய பீரோவின் அடியில் கிடந்த ஒரு அழைப்பிதழில் இருந்தது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

இப்போது அமிலமில்லாத அட்டைப் பெட்டிகளில், ஓவியர் பெயர் வரிசையில், ஒவ்வொரு தாளையும் தனி உறையில் போட்டு வைக்கிறோம். நானூற்றுச் சொச்சம் சேர்ந்திருக்கிறது. எங்கள் மாணவர்கள் நடத்தும் கண்காட்சிகளின் அழைப்பிதழும் முதல் நாளே இரண்டு பிரதி பெட்டிக்கு வந்துவிடும். ஓய்வு பெற்ற பிறகும் அண்ணன் மாதம் ஒரு முறை வந்து, பெயர் தெரியாத படங்களைப் பார்த்து யார் வரைந்தது என்று சொல்லிவிட்டுப் போகிறார். நான் எழுதிக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கலாம். அப்பாவோ தாத்தாவோ போன ஒரு கண்காட்சியின் கையேடு, ஒரு பழைய அழைப்பிதழ், ஓவியர் கையெழுத்திட்டுக் கொடுத்த வாழ்த்து அட்டை. பழைய பேப்பர்க் கடைக்குப் போடுவதற்கு முன் பக்கத்து ஊர் நுண்கலைக் கல்லூரி நூலகத்துக்கு ஒரு போன் செய்து கேளுங்கள். கொடுப்பதற்கு முன் பின்பக்கம் ஓரமாக எந்த ஊர், எந்த வருடம், யாரிடமிருந்து கிடைத்தது என்று தெரிந்த வரைக்கும் எழுதிவிடுங்கள். பென்சிலில் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை படத்துப் பக்கத்துக்கு ஊறிவிடும்.